டைரோன் வீட்டுக் கணக்கு

யூஜின் ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் இரண்டு வார்த்தைகளில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒன்று, விதி. மற்றது, மன்னிப்பு. முதல் வார்த்தையைச் சொல்கிறவர்கள் கிரேக்கர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்களுக்கு ஓநீலே துணை. நான்கு டைரோன்களையும் இரக்கத்தோடும் மன்னிப்போடும் அணுகியதாக நாடகத்தின் சமர்ப்பணத்தில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். இரண்டு வார்த்தைகளும் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே நாடகத்தைச் சரித்திரத்திலிருந்து பெயர்த்தெடுத்துவிடுகின்றன. 1912-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம், கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற துறைமுக ஊர், அங்கே ஒரு கோடை வாசஸ்தலம் என்று இவ்வளவு ஸ்தூலமாக இடமும் காலமும் குறித்து எழுதப்பட்ட நாடகத்தை 'எந்த வீட்டிலும் நடப்பது' என்று படிப்பதில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. அந்தச் சோம்பேறித்தனம் எனக்கும் இருந்தது. அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது எங்களுக்கு ஓநீல் பாடமில்லை. பின்னால் திருச்சியில் ஒரு பழைய புத்தகக்கடையில் அட்டை கிழிந்த பிரதி ஒன்று கிடைத்தது. முதல் வாசிப்பில் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. இரண்டாம் தடவை படித்தபோது வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் அதன் படுக்கையறையில் இருப்பதாக நாவலாசிரியர்கள் நினைக்கிறார்கள். கொஞ்ச நாள் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தால் அந்த எண்ணம் போய்விடும். புருஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். மகன் வாசலைப் பார்த்து நிற்பான். அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைக்கும் அந்தச் சில நொடிகளில் வீட்டு மனிதர்கள் யாரும் அவளைப் பார்ப்பதில்லை. அப்ரைசர் மட்டும்தான் பார்க்கிறார், அவரும் சங்கிலியை. டைரோன் வீட்டு ஆண்கள் மூவரும் மேரியைப் பார்க்காமலே அவளைக் கண்காணிப்பது எனக்கு அந்த மேஜையிலிருந்துதான் புரிந்தது. அதன் பிறகு நாடகத்தில் பணம் வருகிற இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் கோடு விழுந்தது.

ஜேம்ஸ் டைரோன் கஞ்சன். மின்விளக்கை அணைத்துக்கொண்டே இருக்கிறான். மலிவான வைத்தியனை அழைக்கிறான். பணத்தையெல்லாம் நிலத்தில் போடுகிறான். குணச்சித்திரம் என்ற அளவில் இது பழைய நகைச்சுவை நாடகத்துக் கருமி. ஆனால் இவனுக்குப் பின்னால் இருப்பது அயர்லாந்தின் பஞ்சம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அதைத் தொடர்ந்த சில வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். ஓநீலின் தகப்பன் ஜேம்ஸ் ஓநீல் அந்தத் தலைமுறைக் குழந்தை. அமெரிக்கா வந்து சேர்ந்த குடும்பத்தை அவனுடைய தகப்பன் நிராதரவாக விட்டுவிட்டு அயர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டான். நாடகத்தில் டைரோன் நான்காம் அங்கத்தில் தன் மகனிடம் சொல்லும் கதை இதுதான்: பத்து வயதில் பட்டறை வேலை, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு 50 சென்ட் கூலி, வீட்டைக் காலிசெய்யச் சொல்லித் தெருவில் விடப்பட்ட தாய். அவனுடைய பயம் சாவைப் பற்றியதல்ல. தர்ம விடுதியில் சாவதைப் பற்றியது. நிலம் என்பது அவனுக்கு லாபமல்ல. யாரும் காலிசெய்யச் சொல்ல முடியாத இடம்.

இந்த பயம்தான் அவன் கலையையும் விலைக்கு வாங்கியது. ஜேம்ஸ் ஓநீல் சாதாரண நடிகனல்ல. 1874-இல் சிகாகோவில் எட்வின் பூத் என்ற மாபெரும் நடிகரோடு ஒத்தெல்லோ, இயாகோ பாத்திரங்களை மாற்றி மாற்றி நடித்தவன். 1883-இல் 'மாண்டி கிறிஸ்டோ' நாடகத்தில் நடிக்கத் தொடங்கினான். பிறகு அந்த நாடகத்தின் உரிமையையே வாங்கினான். ஆறாயிரம் தடவைக்கு மேல் நடித்தான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு ஸீஸனுக்கு முப்பத்தைந்து நாற்பதாயிரம் டாலர் நிகர லாபம் என்று டைரோன் மகனிடம் சொல்கிறான். ஜனங்கள் அவனை வேறு வேஷத்தில் பார்க்க மறுத்தார்கள் என்பது உண்மையின் ஒரு பாதி. அவனும் மறுத்தான் என்பது மறுபாதி. கடைசியில், அந்தப் பணத்தைக் கொண்டு தான் எதை வாங்க நினைத்தேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான் டைரோன். பதில் கிடைக்கவில்லை. கேட்கும் ஒழுங்கு மட்டும் அவனிடம் இருக்கிறது, அதுவும் விஸ்கியின் துணையோடு.

மேரியின் கதைக்கும் இதே போல ஒரு வெளிச்சரித்திரம் உண்டு. ஓநீலின் தாய் எல்லா குவின்லன் வசதியான ஐரிஷ் குடும்பத்துப் பெண். இண்டியானாவில் கன்னிமாடப் பள்ளியில் படித்தாள்; பியானோ வாசித்தாள்; 1877-இல் நடிகனை மணந்தாள். அதன் பின் ரயிலும் ஓட்டல் அறையும்தான் வீடு. யூஜின் பிறந்ததே 1888 அக்டோபர் 16 அன்று, நியூயார்க்கில் ஒரு ஓட்டல் அறையில். அந்தப் பிரசவத்தின் வலிக்கு வைத்தியர் மார்ஃபின் கொடுத்தார். அதிலிருந்து அவள் கால் நூற்றாண்டு மீளவில்லை.

இங்கே 'மலிவான ஓட்டல் வைத்தியன்' என்று நாடகம் ஒரு குற்றவாளியைக் காட்டுகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அமெரிக்காவில் விலை உயர்ந்த வைத்தியரும் அதையேதான் செய்தார். தோலுக்கடியில் மருந்து செலுத்தும் ஊசி 1850-களில் புழக்கத்துக்கு வந்தபின், காரணம் தெரியாத எந்த வலிக்கும் வைத்தியத்துறையின் பதில் மார்ஃபின்தான். அக்காலத்து மார்ஃபின் அடிமை சந்துமுனை ரௌடியல்ல. நடுத்தர வர்க்கத்துக் குடும்பப் பெண். மருந்துச் சீட்டு அவளை உண்டாக்கியது. நாடகத்தில் மேரி கௌரவமாகக் காரில் போய்க் கடையில் மருந்து வாங்குகிறாள். சீட்டை நீட்டிய வேலைக்காரியைத்தான் கடைக்காரன் திருடியைப் போலப் பார்க்கிறான், யாருக்காக என்று தெரிந்ததும் கொடுத்துவிடுகிறான். வர்க்கமும் வைத்தியமும் சேர்ந்து செய்துவைத்த ஏற்பாடு இது. 1914 டிசம்பரில் ஹாரிசன் சட்டம் நிறைவேறி, மறு வருஷம் மார்ச்சில் அமலுக்கு வந்தபோது இந்த ஏற்பாடு கலைந்தது. எல்லா ஓநீல் அதிர்ஷ்டசாலி. ஏறக்குறைய அதே காலத்தில், ஒரு கன்னிமாடத்தில் தங்கி, அவள் மார்ஃபினை விட்டுவிட்டாள்.

இது பலருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. மூடுபனியில் மணக்கோல உடையை இழுத்துக்கொண்டு இறங்கிவரும் மேரியோடு நாடகம் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அந்தப் பெண் மீண்டாள். 1920-இல் புருஷன் இறந்தபின் அவனுடைய சொத்து விவகாரங்களைத் தானே கவனித்துக்கொண்டாள். 1922-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தாள். ஜேமி அடுத்த வருஷம் குடியில் மடிந்தான். இதையெல்லாம் அறிந்தபின், 1939-க்கும் 1941-க்கும் இடையில், கலிஃபோர்னியாவில் 'டாவோ ஹவுஸ்' என்று பெயரிட்ட வீட்டில், நடுங்கும் கையால் பென்சில் பிடித்து ஓநீல் எழுதினார். மீண்ட தாயை அவர் எழுதவில்லை. மீளாத ஒரு நாளை எழுதினார். ஒரு கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு. எந்த நாளில் நிறுத்துவது என்பதே நாடகக் கலையின் பாதி.

ஆனால் அந்த நாளிலிருந்து எதை எடுத்துவிட்டார் என்ற கேள்வி வேறு ரகம். நாடகத்தின் எட்மண்டுக்கு வயது 23. காசநோயாளி, கவிதை எழுதுகிறவன், கப்பலில் திரிந்தவன், பிரம்மச்சாரி. 1912-இல் யூஜின் ஓநீலுக்கும் வயது 23. காசநோய் உறுதியானது அந்த வருஷத்தின் பிற்பகுதியில். டிசம்பரில் இரண்டே நாள் ஓர் அரசாங்கச் சானடோரியத்தில் இருந்துவிட்டு, 24-ஆம் தேதி கேலார்டு ஃபார்ம் என்ற இடத்தில் சேர்ந்தார். ஆனால் அவர் பிரம்மச்சாரி அல்ல. 1909-இல் காத்லீன் ஜென்கின்ஸ் என்ற பெண்ணை மணந்து, அவள் கர்ப்பமாயிருக்கையில் தங்கம் தேடி ஹோண்டுராஸ் போனவர். 1910 மே மாதம் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கும் யூஜின் என்றுதான் பெயர். விவாகரத்து 1912-இல்தான் முடிந்தது. அதாவது, நாடகம் நடக்கும் அந்த ஆகஸ்ட் நாளில் டைரோன் வீட்டுக்கு ஒரு மருமகள் இருந்தாள், இரண்டு வயதுப் பேரன் இருந்தான். மேடையில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

லெட்ஜரில் ஒரு பதிவு விட்டுப்போனால் எங்களுக்கு அது மாலையில் தெரிந்துவிடும், கணக்கு நேராகாது. நாடகத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. பாட்டன் குடும்பத்தைக் கைவிட்டுப் போனான். அதனால் தகப்பன் கருமியானான். அதனால் தாய் கெட்டாள். அதனால் பிள்ளைகள் கெட்டார்கள். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கைவிடுதல். கடைசிக் கண்ணியும் கைவிடுதல்தான், ஆனால் அந்தக் கண்ணியைச் செய்தவர் ஓநீல். முதலாவதை நாடகத்தில் வைத்துக்கொண்டு கடைசியை நீக்கிவிட்டார். மற்ற மூவருக்கும் செய்த குற்றம் உண்டு. எட்மண்டுக்குப் பிறந்த குற்றம் மட்டுமே. மன்னிக்கும் இடத்தில் உட்கார அவன் ஒருவனுக்கே கை சுத்தமாயிருக்கிறது.

இதற்கு ஒரு கலாபூர்வமான சமாதானம் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. மருமகளையும் பேரனையும் உள்ளே விட்டால் நாற்சுவர் உடைந்துவிடும். காலை எட்டரையிலிருந்து நள்ளிரவு வரை நால்வரும் ஒருவரையொருவர் தின்னும் அந்த ஒருமை சிதறிவிடும். சரி. ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். ஓநீலுக்கு முன் பிறந்து, ஆறு வயது ஜேமியிடமிருந்து அம்மை தொற்றி 1885-இல் இறந்த குழந்தையின் நிஜப் பெயர் எட்மண்ட். நாடகத்தில் பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன. பிழைத்தவன் எட்மண்ட், செத்த குழந்தை யூஜின். ஓநீல் தன்னையே கல்லறையில் வைத்துக்கொண்டார் என்று விமர்சகர்கள் இதை வாசிக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கைவிட்ட மகனின் பெயரும் யூஜின்தான். தகப்பனும் தாயும் அருகில் இல்லாத வேளையில் யூஜின் என்ற குழந்தை செத்துப்போனது என்று நாடகம் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஓநீல் இதைத் தெரிந்து செய்தாரா என்பதற்கு நான் சாட்சி தேடவில்லை. பக்கத்தில் அது இருக்கிறது. விட்டுப்போன பதிவு வேறொரு தலைப்பின் கீழ் வந்து உட்கார்ந்திருப்பதைப் போல.

நாடகம் வெளிவந்த கதையும் இந்தக் குடும்பத்துக்கு ஏற்றதே. 1945-இல் பிரதியை முத்திரையிட்டு ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் பெட்டகத்தில் வைத்தார்கள். தான் இறந்து 25 வருஷம் கழித்தே பிரசுரிக்க வேண்டும் என்பது ஓநீலின் நிபந்தனை. மேடையேற்றவே கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். 1953-இல் பாஸ்டனில் ஓர் ஓட்டல் அறையில் இறந்தார். மூன்றாவது மனைவி கார்லோட்டா மாண்டரே மறு வருஷமே பிரசுரிக்கக் கேட்டாள். ராண்டம் ஹவுஸ் மறுத்தது. யேல் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோனாள். 1956 பிப்ரவரி 10-இல் ஸ்டாக்ஹோம் ராயல் டிரமாடிக் தியேட்டரில் ஸ்வீடிஷ் மொழியில் நாடகம் அரங்கேறியது, நவம்பரில் நியூயார்க்கில். 1957-இல் புலிட்சர் பரிசு. மூத்த மகன் கேட்டுக்கொண்டதால்தான் 25 வருஷத் தடை, அவன் போய்விட்டான், ஆகவே காரணமும் போய்விட்டது என்று அவள் விளக்கம் சொன்னாள். ஆனால் மகன் இறந்தது 1950-இல். தடை நீடிக்க வேண்டும் என்று ஓநீல் பதிப்பாளருக்கு எழுதிய கடிதம் 1951-இல். பூட்டிவைத்தவன் போனபின் லாக்கர் எப்படித் திறக்கப்படுகிறது என்பதை அடிக்கடி பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் அதிர்ச்சி ஏதுமில்லை. அவள் திறந்திருக்காவிட்டால் நாம் 1978 வரை காத்திருந்திருப்போம். நல்ல காரியங்கள் நம்பிக்கைத் துரோகத்தின் வழியாகவும் நடக்கின்றன.

அந்த மூத்த மகனுக்குப் பத்து வயது தாண்டியபின்தான் தகப்பனோடு பழக்கம். யேலில் கிரேக்கம் படித்து, கிரேக்க நாடகங்களின் முழுத் தொகுப்பு ஒன்றை 1938-இல் இன்னொருவரோடு சேர்ந்து பதிப்பித்தான். 1950 செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டான். இரண்டாம் மனைவி ஆக்னஸ் பௌல்டனுக்குப் பிறந்த ஷேன் ஹெராயினுக்கு அடிமையானான். 1946-இல், யூஜின் என்று தாத்தாவின் பெயரிட்ட அவனுடைய கைக்குழந்தை சில மாதங்களிலேயே இறந்தது. 1948-இல் ஷேன் கைதானான். ஊனா, 18 வயதில் சார்லி சாப்ளினை மணந்ததற்காக, தகப்பனின் முகத்தைப் பிறகு பார்க்கவே இல்லை. ஷேனையும் ஊனாவையும் உயிலில் ஓநீல் நீக்கிவிட்டார். 1977-இல் ஷேனும் தற்கொலை செய்துகொண்டான். நாடகம் வெளிவர ஓநீல் குறித்த கெடுவுக்கு ஒரு வருஷம் மிச்சமிருந்தது.

விதி என்கிறவர்களுக்கு இது நல்ல தீனி. பாட்டிக்கு மார்ஃபின், பேரனுக்கு ஹெராயின், ரத்தத்தின் சாபம். ஆனால் இருவருக்கும் நடுவில் 1914-ஆம் வருஷத்துச் சட்டம் நிற்கிறது. பாட்டி நோயாளி, அவளுக்கு வைத்தியரும், கடைக்காரனும், கன்னிமாடமும் இருந்தார்கள். பேரன் குற்றவாளி, அவனுக்குப் போலீஸும் நீதிமன்றமும். அதே பழக்கம், அதே குடும்பம், வேறு சரித்திரம். இன்னொன்று: பாட்டியின் புருஷன், எவ்வளவு கருமியானாலும், கடைசிவரை வீட்டில் இருந்தான். பேரனின் தகப்பன் இல்லை. நாடகத்தின் நால்வரும் நரகத்தில் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நால்வராக இருக்கிறார்கள். தன் தகப்பனை மகா கருமி என்று நிரந்தரமாக எழுதிவைத்த மகன், தன் பிள்ளைகளுக்கு அந்த அளவுகூடக் கொடுக்கவில்லை. ஆகவே மன்னிப்பு என்கிறவர்களிடம் என் கேள்வி: தகப்பனை மன்னித்து எழுதிய பிறகும் மகனையும் மகளையும் தள்ளிவைக்க முடிந்ததென்றால் அந்த மன்னிப்பு எங்கே நடந்தது? காகிதத்தில் நடந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. காகிதத்தில் நடந்ததால் அது பொய்யாகிவிடாது. ஆனால் அது காகிதத்தில் நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்கலாம். மற்றவன் வீட்டுக் கணக்கைத் தணிக்கை செய்துவிட்டு எழுந்துபோவது எளிது.

என் வீட்டைப் பற்றி நான் ஒரு கதை எழுதிவைத்திருக்கிறேன். இந்தப் பத்திரிகைக்காக நண்பர்கள் இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை. அம்மா இருக்கிறாள் என்று காரணம் சொன்னேன். கதை என் தங்கையைப் பற்றியது. அவளுக்குக் காதில் சீழ். ஆபரேஷன் செய்ய வேண்டும், தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அறுப்பு முடியட்டும் என்றார் அப்பா. அறுப்பு முடிந்ததும் விதைநெல் என்றார். ஒரு காது போய்விட்டது. கதையில் அப்பா கருமி, ஆனால் கொடூரமானவரல்ல. அவர் பட்ட பசியையும், கடன்காரன் வாசலில் வந்து நின்ற பழைய நாளையும் எழுதி, கடைசிப் பக்கத்தில் அவரை மன்னித்திருக்கிறேன். படித்த ஒரே நண்பர் அந்தக் கடைசிப் பக்கம் நன்றாயிருக்கிறது என்றார்.

கதையில் தங்கையின் அண்ணனுக்குப் பதினேழு வயது. பள்ளி மாணவன். நிஜத்தில் எனக்கு இருபத்துநான்கு. வங்கியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் நான் வாங்கிய புத்தகங்களின் ரசீதுகள்கூட இன்னும் என்னிடம் இருக்கின்றன. அறுப்பு முடியட்டும் என்று அப்பா சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சரிதான் என்றேன். இதைத் திட்டமிட்டு மறைத்ததாக எனக்கு நினைவில்லை. எழுதும்போது வயது தானாகக் குறைந்துவிட்டது. எட்மண்டின் பிரம்மச்சரியத்தைப் பற்றிப் பென்சிலால் குறிப்பெழுதிய இரவுதான் அது எனக்குத் தெரியவந்தது.

போன மாதம் கதையை எடுத்து, பதினேழை அடித்து இருபத்துநான்கு என்று எழுதினேன். ஒரே ஒரு திருத்தம். அதன் பின் அந்தக் கடைசிப் பக்கம் நிற்கவில்லை. அப்பாவை மன்னிக்கிறவன் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. தங்கையைப் பேசவைக்க வேண்டும் போலிருக்கிறது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அவளைக் கேட்டதுமில்லை. கதை மேஜையில்தான் இருக்கிறது.